கொறங்காடு: கொங்கு நாட்டின் புல்வெளிச் செல்வம்

கொங்கு நாட்டு விவசாயத்தின் சிறப்பைக் கூறப் புகுவோர் காலிங்கராயன் வாய்க்காலையும், கீழ்பவானிப் பாசனத்தையும், ஈரோட்டு மஞ்சளையும், கோயமுத்தூர்ப் பருத்தியையும் எடுத்துரைப்பது வழக்கம். அவை யாவும் சிறப்புடையனவே. ஆயினும், வாய்க்கால் நீர் எட்டாத மேட்டு நிலத்தில், மழையொன்றையே நம்பி நம் முன்னோர் பல தலைமுறைகளாகப் பேணி வந்த மற்றொரு செல்வமும் உண்டு. அதுவே கொறங்காடு எனப்படும் மேய்ச்சற் காடு.

ஈரோட்டிலிருந்து சென்னிமலை, அரச்சலூர்ப் பக்கங்களைக் கடந்து காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வரையில் செல்வோர், சாலையின் இருபுறமும் முள் வேலியால் தனித்தனியே அடைக்கப்பட்ட நிலங்களைக் காண்பர். உள்ளே புல், இடையிடையே குடை விரித்தாற் போன்ற வெள்வேல மரங்கள், அவற்றின் நிழலில் நாலைந்து மாடுகள். மேய்ப்பவர் எவரும் தென்படார். புதிதாக வருவோர், "இவ்வளவு நிலமும் சும்மா கிடக்கிறதே!" என்று வியப்பதுண்டு. அயலார் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் இந்நாளில் நிலத்துக்கு உடையவர்களே அங்ஙனம் பேசத் தலைப்பட்டிருக்கிறார்கள். கிராமங்களில் சுற்றி வருங்கால், "அங்கே என்னங்க இருக்குது, வெறும் புல்லுதானுங்களே" என்ற மறுமொழி அடிக்கடி காதில் விழுகிறது. கொறங்காடு சும்மா கிடக்கும் நிலமன்று. அது மனிதர் அறிந்து அமைத்த ஒரு பண்ணை முறை. அழித்தால் எளிதில் மீளாதது. இதனை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

கொறங்காட்டின் அமைப்பு

மேற்கு மலைகளின் மழை மறைவில் அமைந்த பூமி இது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருமேயன்றி மழை அதிகம் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையே பெரிது. சராசரி மழை வருஷம் ஒன்றுக்கு 24 அங்குலத்தை, அதாவது 600 மில்லி மீட்டரை ஒட்டியே நிற்கிறது. நிலமோ பெரும்பாலும் சரளையும் சுக்கானும் கலந்த மேலோட்டமான செம்மண். இத்தகைய நிலத்தை வருஷந்தோறும் உழுது விதைத்தால், ஒரு வருஷம் விளையும், இரு வருஷம் பொய்க்கும். இதை உணர்ந்த நம் முன்னோர், நிலத்தில் ஒரு பகுதியை ஏருக்கும் மற்றொரு பகுதியைப் புல்லுக்கும் என ஒதுக்கினர்.

கொறங்காட்டுக்கு அங்கங்கள் மூன்று: புல், மரம், வேலி.

புற்களில் தலையாயது கொழுக்கட்டைப் புல். இது பல்லாண்டு வாழ்வது. வேர் ஆழமாக ஓடுவது. கோடையில் காய்ந்து கட்டையாக நின்றாலும், ஒரு மழை கண்டவுடன் அதே தூரிலிருந்து துளிர்க்கும். இதனுடன் நரிப்பயறு போன்ற பயற்றினக் கொடிகளும் தாமாக முளைத்துப் படர்கின்றன. புல் வயிற்றை நிரப்ப, பயறு உடலுக்கு வலுவூட்டுகிறது. நிலத்துக்கும் தழைச்சத்துச் சேர்கிறது.

மரம் என்பது வெள்வேல். மற்றப் பசுமையெல்லாம் மாய்ந்த கடுங்கோடையில் இதன் காய்கள் முற்றி உதிரும். ஆடு மாடுகள் அவற்றை விரும்பித் தின்னும். விதைகள் சாணத்தின் வழியாகவும் புழுக்கையின் வழியாகவும் காடெங்கும் பரவி முளைக்கும். நடுவோர் இன்றியே தோப்பு உண்டாவது இவ்வாறுதான். இதன் இலை சிறியதாகையால் நிழல் மென்மையானது. அடியில் புல் மடிவதில்லை.

வேலி என்பது கிளுவை. முள் நிறைந்த இதன் போத்துக்களை மழைக் காலத்தில் வெட்டி வரிசையாக நட்டால் வேரூன்றித் தழைக்கும். வறட்சிக்கு அஞ்சாதது. கிளைகளை ஒன்றோடொன்று பின்னிவிட்டு, வருஷந்தோறும் கழித்துச் செப்பனிட்டு வந்தால், ஆடுகூட நுழையாத அரணாகி ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு நிற்கும். கழித்த தழை வெள்ளாட்டுக்குத் தீனியாகும். கௌதாரி, காடை, கீரி, ஓணான் முதலிய உயிர்கள் வேலியடியில் புகலடைந்து, பூச்சிகளையும் எலிகளையும் அடக்குகின்றன.

இவ்வேலியின் பெரும்பயன் யாதெனில், மேய்ப்பதற்கு ஆள் வேண்டுவதில்லை. காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால், மாலையில் ஓட்டி வரலாம். ஒரு காட்டில் புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றி, முன்னதை ஆறப் போடலாம். சில வருஷங்களுக்கு ஒரு முறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து ஒரு வெள்ளாமை எடுத்து, மீண்டும் புல்லுக்கு விடுவதும் வழக்கம். "சுழற்சி மேய்ச்சல்" என்று இன்று விஞ்ஞானிகள் போதிப்பதை, அப்பெயர் அறியாமலே நம்மவர் நடத்தி வந்திருக்கின்றனர்.

மற்ற ஜில்லாக்களில் மேய்ச்சல் நிலம் என்றால் பெரும்பாலும் ஊர்ப் புறம்போக்கு. எல்லாருக்கும் உரியதாதலின் பேணுவோர் இன்றிச் சீரழிந்தது. கொறங்காடோ பட்டா நிலம். உடையவர் உண்டாதலால் வேலியும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. நிலமில்லாத ஆட்டுக்காரர்களுக்கு அதைக் குத்தகைக்கு விடும் வழக்கமும் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

பழமை

கொங்கர்க்கும் கால்நடைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சங்க நூல்களுள் ஒன்றாகிய பதிற்றுப்பத்தின் 22-ம் பாட்டு, கொங்கரை ஆநிரை மிகுந்தவர் என்றே குறிக்கின்றது. வன்னிலத்தைக் கருவியால் உடைத்துக் கிணறு தோண்டி, ஊறுகின்ற சிறிதளவு நீரைக் கயிறு கட்டி முகந்து வார்க்க, பசுக்கள் அதனைச் சூழ்ந்து மொய்க்கும் காட்சி அதில் வருகிறது. நீர் அரிது, மாடு பெரிது என்ற இந்நாட்டின் இயல்பை அப்புலவர் அன்றே கண்டிருக்கிறார்.

நம் கிராமங்களில் ஆங்காங்கே நிற்கும் புலிகுத்திக் கற்களையும் இங்கே நினைவு கூரலாம். பட்டியிலுள்ள ஆடு மாடுகளைக் காக்கப் புலியோடு பொருது மடிந்த வீரர்களுக்கு நட்ட கற்கள் அவை. மந்தையைக் காப்பது உயிரினும் பெரிதாக மதிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அவை சாட்சி. அவற்றைத் துணி துவைக்கும் கல்லாக்காமல் காப்பது கிராம அதிகாரிகளின் கடமைகளுள் ஒன்று.

கொறங்காட்டின் பெருமை நிலமுடையோருக்கு மட்டும் உரியதன்று. கிளுவைப் போத்து நட்டு வேலி அடைத்த பண்ணையாட்களும், கவலைக்குச் சாலும் வாலும் தைத்துக் கொடுத்த தோல் தொழிலாளர்களும், பட்டியில் படுத்து இரவெல்லாம் ஆடு காத்தவர்களும் சேர்ந்தே இதனை உண்டாக்கினர்.

காங்கேயம் மாடு

இக்காடுகள் நமக்களித்த பெருஞ்செல்வம் காங்கேயம் இன மாடு. கன்று பிறக்கும்போது செந்நிறம். சுமார் ஆறு மாதத்தில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறமாகும். பொலிகாளைக்குத் திமிலும் முன் பின் உடற்பகுதிகளும் கருமை பாய்ந்திருக்கும். அகன்று பின்னோக்கி வளைந்த கொம்பும், கட்டான உடலும், கடினமான குளம்பும் இதன் இலக்கணம். சரளைக் காட்டில் நடந்து மேய்ந்து வளர்வதே இவ்வினத்தின் வலிவுக்குக் காரணம் என்பது அனுபவஸ்தர்களின் கருத்து.

இவ்வினத்தைத் திருத்தி மேம்படுத்தியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் தொண்டு முதன்மையானது. அவருடைய மந்தையின் தேர்ந்த காளைகள் இவ்வினத்துக்கே அளவுகோலாக விளங்கின. லிட்டில்வுட் என்ற கால்நடை நிபுணர் 1936-ம் வருஷம் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலிலும் காங்கேயம் மாடு இடம் பெற்றது. 2000-ம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் நாட்டு மாடுகளுக்கெனத் தபால் தலைகளை வெளியிட்டபோது, கிர், காங்கிரேஜ், ஹள்ளிகார் ஆகியவற்றோடு காங்கேயமும் ஒன்றாகத் தெரிந்தெடுக்கப்பட்டது.

சித்திரை மாதத்தில் கன்னபுரம் மாரியம்மன் கோயிலை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தை இவ்வினத்துக்குப் பேர்போனது. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் விழாவின்போது மாடுகளும் குதிரைகளும் வந்து குவியும். ஈரோடு கருங்கல்பாளையத்தில் வாரந்தோறும் மாட்டுச் சந்தை நடைபெறுகிறது. இச்சந்தைகளின் வேர் கொறங்காட்டுப் புல்லில் இருக்கிறது என்பதை வாங்குவோரும் விற்போரும் மறத்தலாகாது. செம்மறியில் மேச்சேரி இனமும் இக்காடுகளில் மேய்ந்து செழிப்பதே.

காலத்தின் மாறுதல்

இத்துணைச் சிறப்புடைய காடுகள் குறைந்து வருவதற்குக் காரணங்கள் பல. ஒருவரையும் குறை கூறுவதற்கன்று; உண்மையை அறிவதற்காகவே அவற்றைக் கூறுகிறோம்.

முற்காலத்தில் கிணற்று நீர் இறைக்கக் கவலையும், சுமை இழுக்க வண்டியும், உழ ஏருமாக எருதின்றி ஒரு வேலையும் நடவாது. 1932-ம் வருஷம் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியபின், கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மின்சாரப் பம்புகள் ஏறலாயின; கவலை படிப்படியாக இறங்கிற்று. பின்னர் லாரி வந்தது, டிராக்டர் வந்தது. எருதின் தேவை குறையக் குறைய, அதை வளர்த்த புல்லின் மதிப்பும் குறைந்தது. காங்கேயம் பசு உழைப்புக்குப் பேர்போன இனமாதலின் பால் குறைவு. பாலுக்காகக் கலப்பினப் பசுக்கள் கொட்டகைக்கு வந்தன.

பாசனமும் விரிந்தது. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் நீர் ஓடிற்று. சுமார் 2,07,000 ஏக்கர் பயனடைந்தது. 1957-ல் அமராவதி அணையும், அதன்பின் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்களும் வந்தன. இவையெல்லாம் நாட்டுக்குப் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. நீர் வந்த இடத்தில் புல்லை விட்டுப் பயிருக்கு மாறியதும் நியாயமே. ஆயின், நீர் வராத மேட்டிலும் அதைப் பார்த்து ஆழ்துளைக் கிணறு இறக்கித் தென்னை வைத்தவர் பலர். 2016-ம் வருஷம் வடகிழக்குப் பருவ மழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய வருஷங்களில் ஆழ்துளைக் கிணறு வற்றினால் தென்னை பட்டுப் போகிறது. பட்ட மரம் மறு மழைக்குத் துளிர்ப்பதில்லை. கொழுக்கட்டைப் புல்லோ துளிர்க்கிறது. வேறுபாடு இதுதான்.

இவற்றோடு காற்றாலைகளும், சூரிய மின் தகடுகளும், வீட்டு மனைகளும் சேர்ந்தன. "சும்மா கிடக்கும் காடு" என்ற சொல்லே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சமாதானமாக அமைந்துவிடுகிறது. பேணாது விட்ட காடுகளிலோ சீமைக் கருவேல் புகுந்து புல்லை அடக்கி விடுகிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின்பின், நாட்டு மாடுகளின்மேல் மக்களுக்கு மதிப்பு உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் காளையைப் புகழ்ந்து காட்டை விற்பது, மரத்தைப் போற்றி வேரை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

கடல் கடந்த நாட்டின் படிப்பினை

புல் நிலத்தைப் புறக்கணித்தால் யாது நேரும் என்பதற்கு அமெரிக்கக் கண்டத்தின் வரலாறு நல்ல உதாரணம். அங்கே அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் பிரெய்ரி என்ற மிகப் பரந்த புல்வெளி உண்டு. நெடுங்காலம் அப்புல்லை உண்டு காட்டெருமைக் கூட்டங்களும், அவற்றைச் சார்ந்து பழங்குடி மக்களும் வாழ்ந்தனர். 1862-ல் அமெரிக்காவிலும், 1872-ல் கனடாவிலும் இயற்றப்பட்ட சட்டங்களின்படி, அந்நிலம் குடியேறுவோருக்குப் பங்கிடப்பட்டது. பழங்குடிகள் அப்புறப்படுத்தப்பட்டனர். புதியவர்கள் புல்லைப் புரட்டிக் கோதுமை விதைத்தனர். மழை பெய்த வருஷங்களில் நன்கு விளைந்தது.

1930-களில் வறட்சி வந்தது. மண்ணைப் பிடித்து நிறுத்தப் புல்வேர் இல்லை. காற்று மேல்மண்ணை அள்ளிச் சென்றது. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள நியூயார்க், வாஷிங்டன் நகரங்களிலும் படிந்தது. 1935 ஏப்ரல் 14-ல் பட்டப்பகலை இரவாக்கிய புழுதிப் புயல் இன்றும் பேசப்படுகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தைக் கைவிட்டு வெளியேறின. அவ்வருஷமே அமெரிக்க அரசாங்கம் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. கனடாவும் பிரெய்ரி விவசாயத்தை மீட்பதற்கெனத் தனி நிர்வாகம் ஏற்படுத்தியது. உழுத நிலத்தின் ஒரு பகுதியில் மறுபடியும் புல் விதைக்க வேண்டியதாயிற்று.

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது நம் பழமொழி. கணவாய்க் காற்று வீசும் காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேலோட்டமான மண்ணில், பல்லாண்டுப் புல்லை அகற்றி நிலத்தை வெறுமையாக விடுவோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நலம். அந்நாட்டில் 1874-ல் உரிமை பெற்ற முட்கம்பியால் புல்வெளியை அடைத்தனர். நமக்கோ உயிருள்ள கிளுவையே முட்கம்பி. நம் கொழுக்கட்டைப் புல் இனத்தை ஆஸ்திரேலியாவும் டெக்ஸாஸும் மேய்ச்சலுக்கென வருவித்துப் பயிரிட்டன. ஆயினும், அந்நிலத்துக்கு அயலானதால் அது அங்குச் சில இடங்களில் அடங்காத களையாயிற்று. எந்த நிலத்துக்கு எது உரியதோ, அதுவே அங்குச் செல்வம் என்பது இதனால் விளங்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

நிலப் பயன்பாட்டுக் கணக்கில் நிரந்தர மேய்ச்சல் நிலம் ஒரு வகை. நடப்புத் தரிசு, பிற தரிசு, சாகுபடிக்கேற்ற தரிசு என்பன வேறு வகைகள். ஒரு வருஷம் வரை பயிரின்றி விட்டது நடப்புத் தரிசு. ஒன்று முதல் ஐந்து வருஷம் வரை விட்டது பிற தரிசு. அதற்கும் மேற்பட்டது சாகுபடிக்கேற்ற தரிசு. பட்டா நிலத்தில் உழவு காணாவிடின், அதைத் தரிசு என்று எழுதி விடுவது எளிது. ஆனால் வேலியடைத்துப் புல் வளர்த்துக் கால்நடை மேய்க்கும் நிலத்தில் வேலை நடக்கிறது, விளைவும் உண்டு. அது இறைச்சியாகவும், பாலாகவும், எருவாகவும், கன்றாகவும் வெளிவருகிறது. ஆதலின் அடங்கல் எழுதுங்கால் நிலத்தை நேரிற் பார்த்து, விதி இடந்தரும்வரை அதை மேய்ச்சல் என்றோ தீவனப் புல் என்றோ குறிப்பது நன்று. காகிதத்தில் தரிசான நிலம், காலக்கிரமத்தில் உண்மையிலும் தரிசாகிவிடும்.

குடியானவர்களுக்கு

கொறங்காடு உடையவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம்.

முதலாவது, பாகப் பிரிவினை. நான்கு ஏக்கர் சதுரக் காடு ஒன்றுக்குப் பக்கம் சுமார் 417 அடி; சுற்று வேலி சுமார் 1,670 அடி. அதை நான்கு சகோதரர் நீளவாக்கில் நான்கு பட்டையாகப் பிரித்துக் கொண்டால், இடையே மூன்று வேலிகள், அதாவது மேலும் 1,250 அடி வேண்டும். ஏக்கர் கூடவில்லை; வேலி மட்டும் முக்கால் பங்கு கூடிற்று. பட்டை ஒவ்வொன்றும் 104 அடி அகலமே இருப்பதால், மாற்றி மேய்க்கவும் வசதியில்லை. ஆகையால், பத்திரத்தில் பங்கைப் பிரித்துக் கொண்டாலும் மேய்ச்சலைக் கூட்டாக வைத்துக் குத்தகைப் பணத்தைப் பகிர்ந்து கொள்வதே இலாபம்.

இரண்டாவது, வேலி. வருஷந்தோறும் மழைக்கு முன் வேலியைச் சுற்றிப் பார்த்து, சந்து விழுந்த இடங்களைக் குறித்து வைத்து, மழை பிடித்ததும் கிளுவைப் போத்து நட வேண்டும். ஒரு சந்தை விட்டால் மறு வருஷம் பத்தாகும்.

மூன்றாவது, ஓய்வு. புதுமழைக்குத் துளிர்க்கும் புல்லில் உடனே மாடு விடலாகாது. புல் பூத்து விதை சிந்தும் வரை ஒரு காட்டையேனும் அடைத்து வைக்க வேண்டும். குத்தகைக்கு விடுவோர், இத்தனை உருப்படிக்கு மேல் விடலாகாது என்றும், இன்ன மாதம் காட்டை ஆறப் போட வேண்டும் என்றும் நிபந்தனை எழுதிக் கொள்வது உத்தமம்.

நான்காவது, விதை. புல் மெலிந்த காட்டில் கொழுக்கட்டைப் புல் விதையை மழைக்கு முன் விதைக்கலாம். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ போதும். புதிதாகச் சேகரித்த விதை சில மாதம் உறங்கும் இயல்புடையது. முந்தைய பருவத்து விதையையே உபயோகிக்க வேண்டும். கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலை வெளியிட்ட கோ 1 என்ற நீலக் கொழுக்கட்டைப் புல்லும் மானாவாரிக்கு ஏற்றதே.

ஐந்தாவது, மரம். வெள்வேலை விறகுக்கென ஒரே வீச்சில் வெட்டலாகாது. முதிர்ந்தவற்றை மட்டும் கழித்து, இளங்கன்றுகளை விட்டு வைக்க வேண்டும். சீமைக் கருவேலை மட்டும் சிறு செடியாயிருக்கும்போதே வேருடன் களைவது அவசியம்.

கல்வி, கல்யாணம், கடன் என்ற நிர்ப்பந்தங்கள் குடியானவருக்கு உண்டு என்பதை அறியாமல் இவற்றைக் கூறவில்லை. நிலத்தை விற்க நேர்வதும் உண்டு. ஆனால் விற்பவர், தாம் விற்பது தரிசை என்று எண்ணி விற்கலாகாது. ஒரு புதுக் கிணறு ஒரு மாதத்தில் வெட்டலாம். ஒரு தென்னந்தோப்பு ஏழெட்டு வருஷத்தில் காய்க்கும். கிளுவை வேலியும், வெள்வேல் நிழலும், தூர் கட்டிய புல்லும், அவற்றுக்குப் பழகிய மாட்டினமும் சேர்ந்து அமையப் பல தலைமுறை ஆயிற்று. அதை அழிக்க ஒரு இயந்திரத்துக்கு ஒரு பகல் போதும். இந்த வருஷம் மழைக்கு முன்னர், உடையவர் ஒவ்வொருவரும் தம் காட்டு வேலியை ஒரு முறை சுற்றி நடந்து பார்ப்பாராக.